செத்தால்தான் கதை நகரும்: கையடக்க கன்சோலுக்கு ‘ஹேடீஸ்’ ஏன் இவ்வளவு பொருந்துகிறது?

வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டு, நாளைக்கு வேண்டியதை எடுத்துவைத்த பிறகு நமக்கென்று மிஞ்சுவது அரை மணி நேரம். அதில் ஒரு கேம் ஆடுகிறோம். கடைசிக் கட்டத்தில் தோற்றால் ‘கேம் ஓவர்’. அரை மணி நேரமும் போச்சு. பலர் கேம் ஆடுவதை விடுவதற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம்.

இந்த எரிச்சலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட கேம்தான் ‘ஹேடீஸ்’. இதில் செத்தால்தான் கதை நகரும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் ‘சூப்பர்ஜெயன்ட் கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது இது. 2018 டிசம்பரில் கணினியில் முன்னோட்டப் பதிப்பாக வந்தது. ஆடியவர்களின் கருத்தைக் கேட்டு, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் செதுக்கினார்கள். 2020 செப்டம்பர் 17 அன்று முழுப் பதிப்பு கணினியிலும், ‘நிண்டெண்டோ ஸ்விட்ச்’ கையடக்க கன்சோலிலும் ஒரே நாளில் வெளியானது. அறிவியல் புனைகதை உலகின் பெரிய கௌரவமான ஹ்யூகோ விருது, 2021-ல் முதன்முறையாக ஒரு வீடியோ கேமுக்குப் போனது. அது இந்த கேமுக்குத்தான்.

‘ரோக்லைக்’ என்றால் என்ன?

1980-ல் கலிஃபோர்னியாவின் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய ‘ரோக்’ என்ற கேமிலிருந்து வந்த பெயர். அதில் படமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் வருகிற ‘அட்’ குறிதான் நாயகன். ஆங்கில எழுத்துகள்தான் அரக்கர்கள். ஆனால், அதன் இரண்டு விதிகள் இன்றுவரை நிற்கின்றன. ஒன்று, ஒவ்வொரு முறையும் பாதை புதிதாக அமையும். மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. இரண்டு, செத்தால் செத்ததுதான், மறுபடியும் முதலிலிருந்து.

ஹேடீஸ் இரண்டாவது விதியைக் கொஞ்சம் தளர்த்துகிறது. செத்தால் அந்த ஆட்டத்தில் கிடைத்த வரங்கள் போய்விடும். ஆனால், வழியில் சேர்த்த சில பொருட்கள் கையிலேயே இருக்கும். அவற்றைக் கொண்டு நாயகனை நிரந்தரமாகப் பலப்படுத்தலாம். இந்த வகையை ‘ரோக்லைட்’ என்பார்கள்.

சாவுக்கு அப்புறம் என்ன?

கிரேக்கப் புராணத்தில் ஹேடீஸ் பாதாள உலகின் அதிபதி. அவருடைய மகன் ஸாக்ரியஸ் அப்பாவின் உலகத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். செத்தால் அப்பா வீட்டுக் குளத்திலிருந்தே மறுபடி எழுந்து வர வேண்டும். வாசலில் தூக்கக் கடவுள் ஹிப்னோஸ் கையில் பட்டியலோடு நிற்பார். யார் கையால் செத்தாய் என்று பார்த்து, அதற்கு ஒரு யோசனையும் சொல்வார். அந்த யோசனையால் பெரும்பாலும் பிரயோஜனம் இருக்காது; சிரிப்பு வரும்.

உன்னை அடித்துக் கொன்றவளே கொஞ்ச நேரத்தில் அதே வீட்டின் ஓய்வறையில் உட்கார்ந்திருப்பாள். அவளோடு பேசலாம். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வீட்டில் யாரோ ஒருவரிடம் புதிதாகச் சொல்ல ஏதோ இருக்கும். இந்த கேமுக்காகப் பதிவுசெய்த வசனங்கள் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேல். தோற்று வருகிறவனுக்கு ‘சரி, வீட்ல என்ன புதுசு?’ என்ற ஆர்வம் வருவது அதனால்தான்.

கையடக்கத்தில் என்ன லாபம்?

ஒரு ஆட்டம், ஜெயித்தாலும் தோற்றாலும், பெரும்பாலும் அரை மணி நேரத்தைச் சுற்றியே முடிந்துவிடும். அதுவும் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு அறை சில நிமிடங்கள்தான். பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்ததா? பவர் பட்டனைத் தட்டினால் கேம் அப்படியே உறைந்து நிற்கும்.

இங்கே ஒரு அனுபவப் பாடம். சண்டைக்கு நடுவே நிறுத்திவிட்டு, ராத்திரி மறுபடி எடுத்தால் விரலுக்கு எதுவும் நினைவிருக்காது. என்ன வரம் வைத்திருந்தோம், எதிரி எந்தப் பக்கம் நின்றான் என்று யோசிப்பதற்குள் ஆள் காலி. அறையை முடித்து, அடுத்த கதவுக்கு முன்னால் நிறுத்துவதுதான் சரி.

நஷ்டம் ஏதாவது?

உண்டு. முதல் ஸ்விட்சின் திரை 6.2 அங்குலம், லைட் மாடலில் 5.5 அங்குலம்தான். பத்து எதிரிகளும் நாலு கடவுள்களின் வரங்களும் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது, நம் ஆள் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியிருக்கும். எழுத்துகளும் சிறியவை. தமிழ் இல்லை, ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். படிக்காமல் கடந்தால் கேமின் பாதி போய்விடும்.

எனக்கு இது வருமா?

கேம் பழக்கமே இல்லாதவர்கள் கேட்கிற கேள்வி இது. அமைப்புகளில் ‘காட் மோடு’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் நமக்கு விழும் அடியில் 20 சதவீதம் குறையும். அதன் பிறகு ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறையும். உச்சவரம்பு 80 சதவீதம். கதையில் எதுவும் குறையாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

‘ஈஸி மோடு போட்டு ஆடினா அது ஆட்டமா?’ என்று கிண்டல் செய்பவர்கள் இருப்பார்கள். கவனித்துப் பாருங்கள், இது எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் எளிதாக்கித் தருவதில்லை. தோற்க தோற்கத்தான் பலம் கூடுகிறது. முயற்சி செய்தவருக்குத்தான் சலுகை. அலுவலகத்தில் ஒரு தவறுக்கு ஒரு வாரம் தூக்கம் கெடுகிற நமக்கு, ‘தோற்றாயா, பரவாயில்லை, இதை வைத்துக்கொண்டு மறுபடி போ’ என்று சொல்லும் இடம் அபூர்வம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தோல்வி வலிக்கவில்லை என்றால் நிறுத்துவதற்கும் காரணம் கிடைக்காது. ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று சொல்லிச் சொல்லியே மணி ஒன்றாகிவிடும். செத்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டு, அங்கேயே கன்சோலை மூடிவிடுங்கள். கதை எங்கேயும் போகாது. ஹிப்னோஸ் நாளைக்கும் பட்டியலோடு அங்கேயேதான் நிற்பார்.