லவிங் கவுண்டியும் அதன் கோர்ட்டு மாளிகையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாகாணத்தில் 254 கவுண்டிகள் உள. கவுண்டி என்பது ஏறக்குறைய ஜில்லாவை ஒத்தது; ஆயினும் கலெக்டரைப் போன்ற நியமன அதிகாரி அதற்கில்லை. முக்கிய உத்தியோகஸ்தர்களை அவ்விடத்து ஜனங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். மேற்குப் பாகத்திலுள்ள லவிங் கவுண்டியின் விஸ்தீரணம் சுமார் 670 சதுர மைல். 2020-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அதில் வசித்தோர் 64 பேரே. அந்நாட்டுக் கவுண்டிகள் அனைத்திலும் இதுவே மிகக் குறைந்த தொகையாம்.

வடக்கே நியூ மெக்ஸிகோ மாகாணமும், தென்மேற்கே பேகோஸ் நதியும் இதற்கு எல்லை. நதி இருந்தும் பயிர்த்தொழில் செழிக்கவில்லை. மழை சொற்பம், ஆற்றுநீரிலோ உப்பு மிகுதி. நிலம் மணலும் முட்புதருமாகக் கிடக்கின்றது. கால்நடை மேய்த்தலே பூர்வத் தொழில். பூமியின் கீழுள்ள பெட்ரோலியமே இப்போதைய ஐசுவரியம். எண்ணெய்க் கிணறுகளின் மதிப்பின்மீது விதிக்கும் சொத்து வரியால் கவுண்டியின் பொக்கிஷம் நிரம்புகின்றது. ஆள் சிலர், வரும்படி பெரிது. ஆதலின் உத்தியோகங்களுக்குப் போட்டி ஏற்படுதல் இயல்பே.

இதன் பூர்வ சரித்திரமும் விசித்திரமானது. 1890-ம் வருஷத்துக் கணக்கில் இங்கே மூவரே காணப்பட்டனர். அங்ஙனமிருந்தும் 1893-ல், நீர்ப்பாசன வாய்க்கால் வெட்ட முனைந்த வெளியூரார் சிலர், போதிய குடிகள் இருப்பதாகக் காட்டித் தேர்தல் நடத்திக் கவுண்டி ஆட்சியை நிறுவினர். வாக்காளர் மெய்யாகவே அங்கு குடியிருந்தவரா என்ற சந்தேகம் எழுந்தது. 1897-ல் சட்டசபை அவ்வாட்சியைக் கலைத்து, பிரதேசத்தை அண்டையிலுள்ள ரீவ்ஸ் கவுண்டியுடன் சேர்த்துவிட்டது. எண்ணெய் கிடைத்துக் குடிகள் பெருகிய பின்னர், 1931-ல் லவிங் மீண்டும் தனிக் கவுண்டியாயிற்று.

தலைநகர் மெண்டோன். நகர் என்பது உபசாரமே. அது ஒரு சிற்றூர். அங்கே 1935-ல் கட்டிய செங்கல் கோர்ட்டு மாளிகையே ஆட்சியின் இருப்பிடம். கமிஷனர்கள் கோர்ட்டு என்பது பெயரளவில் கோர்ட்டாயினும், உண்மையில் வரவுசெலவு, சாலை முதலியவற்றைக் கவனிக்கும் சபையாம். ‘ஜட்ஜ்’ எனப்படும் தலைவரும், நான்கு வட்டாரங்களின் கமிஷனர்களும் அதன் அங்கத்தினர். 2020-ம் வருஷத்துக் கணக்கின்படி 47 லக்ஷம் ஜனங்கள் வசித்த ஹாரிஸ் கவுண்டிக்கும் இதே அமைப்புத்தான். மாகாணத்தின் 1876-ம் வருஷத்து அரசியல் சட்டம் பெரிது சிறிதென்று பேதம் செய்யவில்லை. சிறு கவுண்டிகளில் போலீஸ் தலைவரான ஷெரிப்பே வரி தண்டலாம் என்பது போன்ற சில சலுகைகள் மட்டும் உண்டு. 1945-ல் அவ்வுத்தியோகத்தை ஏற்ற எட்னா ரீட் டிவீஸ் என்னும் மாது, பின்னர் தேர்தலிலும் வென்று, டெக்ஸாஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண் ஷெரிப்பானார்.

கஷ்டம் வேறிடத்தில் உள்ளது. பெருங்குற்ற விசாரணைக்கு ஜூரிகள் 12 பேர் வேண்டும். 64 பேரில் குழந்தைகளையும், உத்தியோகஸ்தரையும், கட்சிக்காரரின் உறவினரையும் நீக்கினால் எஞ்சுவோர் எத்தனை பேர்? வாக்குரிமையிலோ சிக்கல் இன்னும் பெரிது. தற்காலிகமாக வெளியே சென்றாலும் திரும்பி வரும் எண்ணமுள்ள வீடே ஒருவரின் வாசஸ்தலம் என்பது மாகாணச் சட்டம். எண்ணத்தை யார் அளப்பது? இங்கு நிலமும் வேற்றூரில் குடித்தனமும் உடையோரின் வாக்கைப் பற்றி அடிக்கடி வழக்கு எழுகின்றது. சில வாக்குகளே வெற்றி தோல்வியை நிர்ணயிப்பதால் எவரும் விட்டுக்கொடுப்பதில்லை. 2006-ம் வருஷத்தையொட்டி, அரசாங்க அதிகாரத்தைக் குறைக்க விரும்பிய வெளியூர்க் கூட்டத்தார் சிலர், இங்கே குடியேறித் தேர்தல் மூலம் ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிட்டனர். அது நிறைவேறவில்லை.