எஞ்சினுக்கும் ஒரு தராசு

தில்லையடியில் களப்புத் தொழில் செய்யும் ஒருவரிடம் வரவு செலவு பற்றிக் கேட்டுப் பாருங்கள். மீன் விலையில் தொடங்கும் பேச்சு எண்ணெய் விலையில்தான் முடியும். 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதை இங்கு எவரும் மறக்கவில்லை.

மீனை நிறுக்கத் தராசு வைத்திருக்கும் நாம், எண்ணெயைக் குடிக்கும் எஞ்சினை அளக்க எதையும் வைத்திருப்பதில்லை. காதால் கேட்டு, ஊகித்துத்தான் முடிவு எடுக்கிறோம். அந்த ஊகத்துக்காக இலட்சக்கணக்கில் செலவும் செய்கிறோம். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைக் காட்டும் டெக்கோமீற்றர், அதாவது ஆர்.பி.எம். மீற்றர், இந்த ஊகத்துக்கு மாற்றாக நமக்குக் கிடைத்திருக்கும் தராசு. அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறேன்.

எனது கராஜுக்கு ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடையோடு புத்தளம் வந்தவர்களில் ஒருவர். மனைவியின் நகையை அடகு வைத்து 15 குதிரைவலு எஞ்சின் ஒன்றை வாங்கியிருந்தார்.

"தம்பி, படகு எழும்புதில்ல. எண்ணெய் மட்டும் குடிக்குது. எஞ்சின இறக்கி வேலை செய்யணுமா, இல்ல வித்துப்போட்டு 25 ஒண்டு எடுக்கணுமா? நீங்க சொல்றதுதான்" என்றார்.

புது எஞ்சின் ஒன்று விலைப்பட்டால் எனக்கும் அதில் தரகு உண்டு. "25 எடுங்க நானா" என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், மிச்ச நகையும் அடகுக்குப் போயிருக்கும். கேட்டு வந்தவருக்குச் சொல்லும் ஆலோசனையும் ஓர் அமானிதம்தான். "முதல்ல அளந்து பார்ப்பம் நானா" என்றேன்.

பொருத்தும் முறை

முதலில் எஞ்சினில் சார்ஜிங் கொயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்றரிக்கு மின் ஏற்றும் கொயில் அது. இருந்தால் முள் உள்ள சாதாரண மீற்றரைப் பொருத்தலாம். அதற்கு மூன்று வயர்கள். ஒன்று சுவிட்ச், பியூஸ் வழியாகப் பற்றரியின் நேர்முனைக்கு. மற்றொன்று ஏர்த். மூன்றாவதுதான் சுற்றுகளை எண்ணும் சிக்னல் வயர். அதனைச் சார்ஜிங் கொயிலுக்கும் ரெக்டிபயருக்கும் இடையில் இணைக்க வேண்டும். அங்கு ஓடுவது ஆடலோட்டம். அதன் துடிப்பைத்தான் மீற்றர் எண்ணுகிறது. ரெக்டிபயருக்கு அப்பால், பற்றரிப் பக்கத்தில் இணைத்தால் முள் அசையாது, அல்லது கண்டபடி ஆடும்.

சார்ஜிங் கொயிலும் பற்றரியும் இல்லாத, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் எஞ்சினுக்கு வேறு வகை உண்டு. பிளக் வயரின் மேல் சிக்னல் வயரைச் சில சுற்றுச் சுற்றிவிட்டால், பொறி விழுவதை எண்ணி இலக்கத்தில் காட்டும். சிறு பற்றரி உள்ளேயே இருக்கும். விலையும் குறைவு. ஓடிய மணித்தியாலத்தைக் காட்டுபவையும் இருக்கின்றன. கியர் ஒயில் மாற்றும் கணக்குக்கு அது உதவும்.

எதைப் பொருத்தினாலும் உப்புத் தண்ணீர்தான் முதல் எதிரி. வெறுமனே முறுக்கிவிட்ட வயர் சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். மூட்டுகளைச் சூடாக்கிச் சுருக்கும் குழாயால் மூடி, முனைகளுக்குக் கிரீஸ் பூச வேண்டும். ரெக்டிபயரிலிருந்து வரும் சிக்னல் வயர் பிளக் வயரோடு ஒட்டிப் போகக் கூடாது.

நான் செய்த தவறு

அந்தப் பெரியவரின் எஞ்சினுக்கு மீற்றரைப் பூட்டி, வழமையான வலைச் சுமையோடு ஆழமான பகுதிக்குப் போய் முழு வேகம் கொடுத்தோம். முள் 6,300 காட்டியது. அந்த எஞ்சினுக்கு நூலில் கொடுத்திருப்பது முழு வேகத்தில் 4,500 முதல் 5,500 வரை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றுகிறது, ஆகவே பிட்ச் கூடிய புரொப்பெல்லர் போட வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற அளவு. அது கூடினால் எஞ்சினுக்குச் சுமை கூடும், சுற்றுக் குறையும்.

பெரியவர் தலையை ஆட்டினார். "இல்ல தம்பி. கூடச் சுத்துற எஞ்சின் கத்தும். இது முக்குது."

நாற்பது வருடம் கடலில் இருந்த காது அது. மீற்றரைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு சிறு திருகு இருக்கும். எஞ்சினின் பிளைவீலில் எத்தனை காந்த முனைகள் என்பதற்கு ஏற்ப 4, 6, 8, 10, 12 என்று அதைத் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு முனைக்கு ஒரு துடிப்பு. 6 முனை எஞ்சினுக்கு நான் 4 என்று வைத்திருந்தேன். ஒரு சுற்றுக்கு வந்த மூன்று துடிப்பை மீற்றர் ஒன்றரைச் சுற்றாக எண்ணியது. உண்மையான சுற்று 4,200 மட்டுமே. எஞ்சின் கூடச் சுற்றவில்லை, சுமை தாங்காமல் திணறிக்கொண்டிருந்தது. நான் சொன்ன புரொப்பெல்லரைப் போட்டிருந்தால் இன்னும் திணறி, கரி கட்டி, சூடேறிப் பிஸ்டனே போயிருக்கும்.

தராசு வைத்திருப்பது மட்டும் போதாது, படியும் சரியாக இருக்க வேண்டும் என்று அன்று படித்துக்கொண்டேன். அதன்பின் எந்த மீற்றரையும் முதலில் ஐட்லிங்கில் வைத்து நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 900 இருக்க வேண்டிய இடத்தில் 1,350 காட்டினால் கரையிலேயே தெரிந்துவிடும்.

பிளக் வயர் வகையிலும் இதே சிக்கல் உண்டு. சில இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் ஒரே வயரில் ஒரு சுற்றுக்கு இரு தடவை பொறி விழும். மீற்றரை ஒரு பொறிக்கு வைத்தால் இரட்டிப்பாகக் காட்டும்.

முள் பொய் சொன்னால்

எப்போதும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டினால் பின்பக்கத் திருகைப் பாருங்கள்.

முள் அசையாவிட்டால் முதலில் பியூஸ், ஏர்த். அவை சரி என்றால் பற்றரி சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் கோளாறு பெரும்பாலும் கொயிலில் அல்லது ரெக்டிபயரில். மீற்றரைக் குறை சொல்ல வேண்டாம். சார்ஜ் ஆகியும் அசையாவிட்டால் சிக்னல் வயரைத் தேடுங்கள்.

முள் துள்ளினால் உப்பேறிய மூட்டு, தளர்ந்த ஏர்த், அல்லது பிளக்கிலிருந்து வரும் இரைச்சல். எஞ்சினுக்கு ரெசிஸ்டர் பிளக் என்று நூலில் இருந்தால் அதையே போடுங்கள்.

வேகம் கூடும்போது மட்டும் முள் விழுந்தால் பற்றரி முனைகளையும் ரெக்டிபயரையும் சோதியுங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றவே கூடாது, ரெக்டிபயர் போய்விடும்.

களப்பில் என்ன பயன்?

புத்தளம் களப்பு ஆழம் குறைந்தது, கடற்புல் நிறைந்தது. வேகத்தை மாற்றாமலே சுற்றுக் குறைந்தால் புரொப்பெல்லரில் புல் சுற்றியிருக்கலாம். சுற்று ஏறியும் படகு முன்னேறாவிட்டால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது, அல்லது அதன் உள் ரப்பர் வழுக்குகிறது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சுற்றுக் குறைந்து வந்தால் படகின் அடியைத் துப்புரவு செய்யும் நேரம் வந்துவிட்டது.

அந்தப் பெரியவரின் படகு அடியைச் சுரண்டி, பிட்ச் 11 இருந்த இடத்தில் 9 போட்டோம். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுக் கூடும் என்பது பொதுக் கணக்கு. அதே சுமையோடு முழு வேகத்தில் 4,700 வந்தது. படகு எழும்பியது. எழும்பிய பின் வேகத்தைக் குறைத்து ஓடவும் முடிந்தது. அதில்தான் எண்ணெய் மிச்சம். எஞ்சினைப் பிரிக்கவில்லை, விற்கவுமில்லை. அல்ஹம்துலில்லாஹ், அடகுக் கடைக்கு அவர் அடுத்து போனது நகையை மீட்கத்தான்.

தரகு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதன்பின் அவர் அனுப்பிவைத்த படகுக்காரர்கள் பலர். அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைக் கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது. அது மீன் விற்பவருக்கு மட்டுமல்ல, எஞ்சின் பழுது பார்க்கும் என் போன்றவருக்கும்தான். புது எஞ்சினுக்குக் கடன் வாங்க நினைக்கும் சகோதரர்கள் அதற்கு முன் இருக்கும் எஞ்சினை ஒரு தடவை அளந்து பாருங்கள். அளக்கும் மீற்றரின் பின்பக்கத் திருகையும் மறக்காமல் பாருங்கள்.