தங்கவயலின் மண்மேடுகளும் அகன்ற காட்சிப் படமும்

கோலார் தங்கவயலுக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன ஊரைச் சூழ்ந்து நிற்கும் வெளிறிய மண்மேடுகளே. 1880களில் தொடங்கி 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்படும்வரை நடைபெற்ற சுரங்க வேலையில், பாறையைப் பொடியாக்கிப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவே இம்மேடுகள். மழை இவற்றை அரித்து ஓடைகளாக்குகிறது. காற்று இவற்றின் நுண்துகளைக் குடியிருப்புகளின்மேல் பரப்புகிறது. ஓராண்டில் எவ்வளவு அரிந்தது என்பதற்கு நினைவு நல்ல சாட்சியாகாது. ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படமே சாட்சியாகும். மேடுகள் ஒரு சட்டத்துள் அடங்காமையால், பல படங்களை இணைத்து அகன்ற காட்சிப் படம், அதாவது பனோரமா, உண்டாக்க வேண்டும்.

காமிராவைத் தேர்தல்

மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. பல படங்கள் சேரும்போது நுணுக்கம் தானே பெருகும். ஒளியளவு, குவியம், வெண்மைச் சமநிலை ஆகிய மூன்றையும் கையால் நிலைநிறுத்தும் வசதியே இன்றியமையாதது. இவை தானியங்கியாக மாறினால் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் அமைந்து, இணைப்பில் கோடுகள் தோன்றும். கைப்பேசியில் ஒரே வீச்சாக எடுக்கும் முறை எளிதாயினும், தனிப் படங்கள் எஞ்சாமையால் ஆவணத்திற்கு ஏற்றதன்று. கைப்பேசியிலேயே தனித்தனிப் படங்கள் எடுத்தால் அதுவும் பயன்படும்.

எடுக்கும் முறை

காமிராவை முக்காலியில் செங்குத்தாக நிறுத்துக. 35 மி.மீ. பிலிம் அளவில் 28 மி.மீ.க்குச் சமமான லென்ஸ், இந்நிலையில் சுமார் 46 பாகை அகலத்தைக் காணும். ஒவ்வொரு முறையும் 30 பாகை திருப்பினால், 12 படங்களில் முழு வட்டமும் முடியும். அடுத்தடுத்த படங்களில் மூன்றிலொரு பங்கு பொதுவாக அமையும். 50 மி.மீ. லென்ஸுக்கு 18 பாகை வீதம் 20 படங்கள் வேண்டும்.

ஒரு கண்ணை மூடி, விரலை முகத்தெதிரே நீட்டித் தலையைத் திருப்பிப் பாருங்கள். தொலைவிலுள்ள சுவரின்மீது விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். காமிராவும், லென்ஸின் ஒளி நுழைவாயிலை மையமாகக் கொள்ளாது சுழன்றால், அருகிலுள்ள வேலி தொலைவிலுள்ள மேட்டின்மீது இவ்வாறே நகரும். அதற்கென அமைந்த நகர்தட்டு இல்லாதோர், அருகில் பொருளேதும் இல்லாத இடத்தைத் தெரிந்தெடுப்பது நன்று.

இணைக்கும் மென்பொருள்

மென்பொருள் இரு படங்களிலும் பொதுவான புள்ளிகளைத் தேடிப் பொருத்துகிறது. இங்கேதான் தங்கவயலுக்குரிய இடர் ஒன்றுண்டு. வெறும் மண்மேடும் தெளிவான வானமும் மட்டும் உள்ள பகுதியில் அடையாளப் புள்ளிகள் கிடைப்பதரிது. எனவே படங்கள் ஒன்றையொன்று தழுவும் பகுதியில் ஒரு மரமோ, கூரையோ, சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரமோ விழுமாறு பார்த்துக்கொள்க. தானாகப் புள்ளிகள் கிட்டாவிடில் கையால் குறிக்க இடந்தரும் மென்பொருளே சிறந்தது. ஹகின் என்பது இவ்வசதியுடன் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிகளுக்கு அது போதுமானது. பிடிகுயி விலை கொடுத்துப் பெற வேண்டியது.

அளவிடுதலும் எச்சரிக்கையும்

உருளை வடிவ வீழலில் அமைத்த முழுவட்டப் படம் 10,800 பிக்சல் அகலமாயின், ஒரு பாகைக்கு 30 பிக்சல் வரும். ஒரு மேடு 600 பிக்சல் அகலமாகத் தோன்றினால் அது 20 பாகை. ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பின் அதன் அகலம் சுமார் 350 மீட்டர் என மாணவர்களே கணக்கிடலாம். ஆயினும் இப்படம் நிலப்படமன்று. தொலைவை அறியாமல் நீளத்தைக் கூறலாகாது.

நின்ற இடம், காமிராவின் உயரம், லென்ஸ், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து, இணைத்த படத்தோடு மூலப் படங்களையும் பாதுகாத்து வைக்க வேண்டும். மாணவர்களை மேடுகளின்மேல் ஏற்றுதலும் கைவிடப்பட்ட சுரங்க வாயில்களை நெருங்குதலும் கூடா. காற்றடங்கிய காலையில், தொலைவிலிருந்து எடுத்தலே பாதுகாப்பு. சாய்ந்த வெயிலில் மழையோடைகளும் தெளிவாகத் தெரியும். இவ்வாறு ஆண்டுக்கொரு படம் சேருமாயின், மேடு எங்கே கரைகிறது, குடியிருப்பை நோக்கி எவ்வழி வருகிறது என்பதை ஊரார் கண்கூடாகக் காட்ட இயலும்.