எல்லையோர மலையூரில் எமது மொழி

தமிழ் பேசும் முஸ்லிம்கள் என்றதும் காயல்பட்டினம், கீழக்கரை, காத்தான்குடி, கல்முனை என்று கடலோர ஊர்களே எமக்கு நினைவு வரும். மணிப்பூர் மலைகளுக்கு அப்பால், இந்திய–மியன்மார் எல்லையிலுள்ள மோரேயை எம்மில் பலர் அறியார். 2019 இல் அங்கு போகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீற்றர். பல்லேல் வரை வயல்வெளி. எங்கட கரைவாகு வட்டை மாதிரித்தான். அதன்பின் மலையேற்றம். தெங்நௌபால் மேட்டைக் கடந்து இறங்கினால் மோரே. இரண்டாம் வாயிலுக்கு அப்பால் நம்பலோங் சந்தை; அது மியன்மார். குக்கிகள், மெய்திகள், நேபாளிகள், 'பங்கால்' எனப்படும் மணிப்பூரி முஸ்லிம்கள் அப்போது வாழ்ந்த இவ்வூருக்குத் தமிழர் எப்படி வந்தார்கள்?

1962 மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் தாள்கள் செல்லாமற் போயின. தமிழ் உழைப்பாளரும், 'சூலியா' என்றழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வியாபாரிகளும் கப்பலேறிச் சென்னை வந்தனர். தலைமுறைகளாகப் பர்மாவில் வாழ்ந்தோருக்குத் தமிழ்நாடு அந்நியமாயிருந்தது. சிலர் தரைவழியே திரும்பிப் போக முயன்று, எல்லையில் மறிக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கினர். வழி மறிபட்ட இடமே ஊரானது.

தேநீர்க்கடையொன்றில் என் பேச்சைக் கேட்டுத் தொப்பியணிந்த பெரியவர் ஒருவர் சலாம் சொன்னார்.

"சிலோனா தம்பி? தமிழ் பேசுற நம்மாளுங்க அங்கயும் இருக்காங்களா?"

"எங்கட ஊரில பள்ளிக்கூடம், குத்பா, கலியாணக் கடிதம் எல்லாம் தமிழ்தான் வாப்பா" என்றேன்.

பக்கத்திலிருந்த பேரனைக் காட்டினார். "இவன் நல்லாப் பேசுவான். எழுத்துத்தான் ஒண்ணும் தெரியாது."

பையனின் கொப்பியில் அவனது பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே மூன்று தரம் பார்த்துப் பார்த்து வரைந்தான். எழுதினான் என்று சொல்ல முடியாது, வரைந்தான்.

1990களின் இனமோதல்களால் பல தமிழ்க் குடும்பங்கள் மோரேயை விட்டுப் போயின. 2023 மே மாதக் கலவரத்தில் அங்கும் வீடுகள் எரிந்தன. அந்தப் பெரியவரின் குடும்பம் எங்கிருந்தாலும் அல்லாஹ் பாதுகாப்பானாக.

வீட்டில் பேசினால் ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குப் போகும். எழுத்துப் போக வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் வேண்டும். எங்களுக்கு அது வாசலிலேயே இருக்கிறது. "தமிழ் படிச்சி என்ன சேர் கிடைக்கப் போகுது?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கும்போதெல்லாம், அந்தக் கொப்பியைப் பற்றித்தான் சொல்கிறேன்.