காண்டாமிருகம் போட்ட நாலணா லட்ச ரூபாய்க்குப் போகுமா?

செஞ்சியிலேர்ந்து பேசறேன். பின்னாடி தெரியறது ராஜகிரிக் கோட்டை. சுத்தி குரங்கு உக்காந்திருக்கு, அதனால என் காசு ஆல்பத்த மடியவிட்டு எடுக்கப் போறதில்ல.

காண்டாமிருகம் போட்ட நாலணாவப் போட்டோ எடுத்து அனுப்பி, "அண்ணே, லட்ச ரூபாய்க்குப் போகுமாமே?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. போகாது. 1988லேர்ந்து 2002 வரைக்கும் அடிச்சுத் தள்ளின எவர்சில்வர் காசு அது. 2011 ஜூனோட செல்லாமயும் போச்சு. ரிசர்வ் வங்கி பேரச் சொல்லி, "பழைய காசு வாங்கறோம், முதல்ல கமிஷன் கட்டு"ன்னா ஏமாத்து வேலை. 2021லயே வங்கி எச்சரிச்சிருக்கு.

விலையக் கேக்காதீங்க, விலங்கக் கேளுங்க. காண்டாமிருகம் அசாம் காட்டுல இன்னிக்கும் மேயுது, அதனால அந்த நாலணா என்கிட்ட இருக்கு. காசு எந்த நாட்டுதோ, மிருகமும் அந்த மண்ணுல தானாத் திரியணும். அவ்ளோதான் என் சட்டம். ஆஸ்திரேலியா 20 சென்ட்டுல பிளாட்டிபஸ், 5 சென்ட்டுல எக்கிட்னா. ரெண்டும் முட்டையும் போடும், பாலும் குடுக்கும்! கனடா ரெண்டு டாலர்ல பனிக்கரடி. சிங்கப்பூரோட பழைய பத்து சென்ட்டுல கடல்குதிரை, சேத்துக்கலாம். அவங்க ஒரு டாலர் சிங்கம்? அந்த ஊர்க் காட்டுல ஏதுங்க சிங்கம்!

நம்ம ஆளுங்க மட்டும் சளைச்சவங்களா? சங்ககாலச் சோழர் செப்புக்காசு சதுரமா இருக்கும்; ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வாலத் தூக்கின புலி. 1947 ரூபாய்லயும் புலி. பின்னாடி ஆறாம் ஜார்ஜ் இருக்காரு, அவர நான் திருப்பிப் பாக்கறதில்ல.

செஞ்சிக்காரன் குதிரையப் பத்திப் பேசாம இருக்க முடியுமா? செஞ்சிய ஆண்ட தேசிங்கு ராஜா 1714ல ஆற்காடு நவாப் படையோட மோதிச் செத்தாரு. அவர் குதிரைக்கு ஊரே உருகும். ஆனா அதக் காசுல போட்டாலும் என் ஆல்பத்துல இடமில்ல. லாயத்துல கொள்ளு தின்ன ஜீவன் காட்டு விலங்காகுமா? விலங்கக் கேளுங்கன்னு சும்மாவா சொல்றேன்!

ஐயோ, போன்ல சார்ஜ் இறங்குது. வேகமாச் சொல்றேன். காசப் புளி போட்டுத் தேய்க்காதீங்க, மதிப்பே போயிடும். ஓரத்தப் பிடிச்சுத் தூக்குங்க. பிவிசி உறை வேணாம், பச்சை பிடிக்கும். வருஷத்துக்குக் கீழ பாருங்க: நட்சத்திரம்னா ஹைதராபாத், டைமண்ட்னா மும்பை, புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமில்லன்னா கொல்கத்தா. அப்புறம், கோட்டைப் பக்கம் மண்ணுல பழங்காசு ஆம்பிட்டா 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்லணும். அதுல யானை இருந்தாலும் சரி, புலி இருந்தாலும் சரி, என்கிட்ட எடுத்துட்டு வராதீங்க.