இரு கருந்துளைகளும் கணக்கின் முதற் கணமும்

கொத்மலைச் சரிவொன்றிலிருந்து உருளுங் கல்லின் போக்கைக் கணிக்க விழைவோர்க்கு, அதன் இடமும் வேகமுந் தெரிந்தாற் போதும். எஞ்சியதை நியூற்றனின் விதிகள் கூறிவிடும். ஒன்றையொன்று சுற்றும் இரு கருந்துளைகளைக் கணினியில் இயக்கிக் காண விழைவோர்க்கோ தொடக்கமே பெருஞ் சிக்கலாகும். 1915ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் நிறுவிய பொதுச் சார்புக் கொள்கையின்படி ஈர்ப்பென்பது வெளியும் காலமுங் கொண்ட வளைவே. ஆதலின் வெற்றிடத்தில் இரண்டு உருண்டைகளை வைப்பதுபோலக் கருந்துளைகளை வைத்தல் இயலாது. அவற்றைச் சூழ்ந்த வெளி முழுவதும் எங்ஙனம் வளைந்துளது என்பதையும் ஒருங்கே வகுத்தல் வேண்டும்.

அதனையும் விரும்பியவாறு வகுத்தல் கூடாது. ஐன்ஸ்டீனின் பத்துச் சமன்பாடுகளுள் ஆறு, வளைவு கணந்தோறும் மாறுமாற்றைக் கூறுவன. எஞ்சிய நான்கும் எக்கணத்திலும் மீறப்படலாகாத கட்டுப்பாடுகள். முதற் கணம் இவற்றுக்கு இணங்காதாயினும் கணினி தயங்காது விடையளிக்கும். அவ்விடை எவ்வுலகுக்கும் உரியதாகாது என்பதே இடர். அசைவற்ற கருந்துளைகளுக்கு இணக்கமான தீர்வொன்றை 1963இல் பிறில், லிண்ட்குவிஸ்ட் என்போர் கண்டனர். அவற்றுக்கு இயக்கமுஞ் சுழற்சியுங் கொடுக்கும் வழியை 1980இல் பௌவென், யோர்க் என்போர் காட்டினர்.

அடுத்தது வேகம். சுற்றுங் கருந்துளைகள் ஈர்ப்பலைகளை வீசி ஆற்றலிழந்து நெருங்குவன; நெருங்குங்கால் நீள்வட்டப் பாதையும் பெரும்பாலும் வட்டமாகிவிடும். ஆதலாற் கணக்கும் வட்டத்திலேயே தொடங்குதல் முறை. வேகஞ் சிறிது மிகினுங் குறையினும் பாதை நீள்வட்டமாகும். தக்க வேகத்தை அறிய, நியூற்றனின் விதியைப் படிப்படியாகத் திருத்திச் செல்லும் வாய்பாடுகள் துணையாவன. அவ்வாய்பாடுகளை 1995இல் உயர்ந்த படிக்குக் கொணர்ந்தோருள் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்துப் பால ஐயரும் ஒருவர்.

இவ்வளவுஞ் செய்தும் முதற் கணம் இயற்கையை முற்றிலும் ஒத்திராது. நீர்த்தேக்கத்தில் தோணியைத் தள்ளியவுடன் எழுங் கலக்கம்போலப் பொய்யலையொன்று எழுந்து வெளியே ஓடும். அது கடந்த பின்னரே மெய்யலையை அளத்தல் தகும்.

வெளியைக் கணினியில் வலைக்கண்களாகப் பகுக்கும் முறையைத் தோட்டத்து நில அளவைப் படத்தோடு ஒப்பிடலாம். செங்குத்தான இடத்திற் சமவுயரக் கோடுகள் நெருங்கியும் சமதரையில் அகன்றும் கிடக்குமன்றோ? அவ்வாறே கருந்துளையினருகில் வலைக்கண்கள் நுண்ணியனவாகவும் தொலைவிற் பெரியனவாகவும் அமைக்கப்படும். ஒரு வேற்றுமை: இங்கே மலையே நகருகின்றது, நுண்வலையும் அதனோடு நகர்தல் வேண்டும்.

1964இல் ஃகான், லிண்ட்குவிஸ்ட் என்போர் முதன்முறை முயன்றது முதல் நாற்பதாண்டுகள் இக்கணக்குகள் இடையிலே முறிந்துகொண்டிருந்தன. 2005இல் பிரான்சு பிரெட்டோரியசு என்பார் சுற்றுதல், இணைதல், அடங்குதல் யாவற்றையுங் கணித்து முடித்தார். ஈராண்டின் பின் இந்தியரான பரமேசுவரன் அஜித்தும் உடனுழைத்தோரும் கணினி அலைகளையும் பழைய வாய்பாடுகளையும் இணைத்து, எளிதிற் பயன்படும் அலைவடிவங்களை ஆக்கினர். 2015 செப்டெம்பர் 14இல் அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஈர்ப்பலையை முதன்முறை உணர்ந்தபோது, இத்தகைய அலைவடிவங்களோடு ஒப்பிட்டே அக்கருந்துளைகள் ஏறக்குறைய 36, 29 ஞாயிறுகளின் நிறையுடையன என்றும், இணைந்தபின் எஞ்சியது 62 என்றும் அறிந்தனர். குறைந்த மூன்று ஞாயிற்று நிறையும் அலையாகிச் சென்றது.