சிறு முதலும் பெருநோக்கும்

புதிய கருத்தொன்றை முதலாகக் கொண்டு தொடங்கப்படும் தொழிலைப் புத்தொழில் என்கிறோம். பணம், இடம், இயந்திரம், ஆட்கள் ஆகியவை தொழிலுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவையெல்லாம் இருந்தும் சில ஆண்டுகளில் மறைந்த நிறுவனங்கள் உண்டு. இவற்றுள் பலவும் இல்லாமல் தொடங்கி உலகெங்கும் வளர்ந்த நிறுவனங்களும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைகிறது? ஜப்பானின் சோனி நிறுவனத்தினது தொடக்ககால வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

போர் எரித்த நகரில்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, டோக்கியோ நகரின் பெரும்பகுதி குண்டுவீச்சில் அழிந்து கிடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மசாரு இபுக்கா என்னும் பொறியாளர், போரில் சேதமுற்ற அங்காடிக் கட்டடம் ஒன்றில் சிறிய பட்டறையைத் தொடங்கினார். பழுதான வானொலிகளைச் சீர்செய்வதும், வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்க உதவும் துணைக்கருவி செய்வதுமே முதல் பணிகள். அது பற்றிய நாளிதழ்ச் செய்தியைக் கண்ட அகியோ மொரிட்டா, தம் நண்பராகிய இபுக்காவுடன் இணைந்தார். அவர் அரிசி மது வடிக்கும் பழங்குடும்பத்தின் மூத்த மகன், குலத்தொழிலை ஏற்கவேண்டியவர். அதனை விடுத்துப் புதிய வழியைத் தேர்ந்தார்.

1946ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இருவரும் நிறுவனத்தை முறையாகப் பதிவு செய்தனர். முதல் 1,90,000 யென். பணியாளர் ஏறத்தாழ 20 பேர். ஆனால், இபுக்கா எழுதிய தொடக்க அறிக்கை அச்சிறு முதலுக்கு ஏற்றதாக இல்லை. பொறியாளர்கள் மகிழ்ந்து உழைக்கும் பணியிடத்தை அமைத்தல், தொழில்நுட்பத்தால் நாட்டை மீட்டெழுப்புதல் ஆகியவை அதில் குறிக்கோள்களாயின. பெரிதாக வேண்டும் என்பதற்காகவே பெரிதாவதை நாடமாட்டோம் என்னும் கருத்தும் அதில் இடம்பெற்றது. பெருநோக்கு என்பது பேரளவு அன்று. செய்யத்தக்க அரிய செயலைத் தேர்வதே பெருநோக்கு.

தோல்வியும் பிழைப்பும்

நிறுவனத்தின் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று மின்சாரச் சோற்றுப்பானை. மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, நீரின் வழியே மின்சாரம் பாயச் செய்தனர். அரிசியின் தன்மையும் நீரின் அளவும் மாறுந்தோறும் சோறு அரைவேக்காடாகவோ குழைந்தோ போயிற்று. அக்கருவி விற்பனைக்கு வரவேயில்லை. ஊதியம் வழங்குவதற்காக மின்வெப்ப இருக்கை மெத்தைகளைச் செய்து விற்றனர். எனினும், மெத்தை விற்பதே தம் தொழில் என்று அவர்கள் அமைந்துவிடவில்லை. இன்றைய பிழைப்புக்கான பணி வேறு, நாளைய இலக்கு வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

யாருக்குத் தேவை?

1950இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினர். பிளாஸ்டிக் நாடா கிடைக்காமையால் தாளையே நாடாவாக வெட்டினர். அதன்மேல் பூசும் காந்தத்தூளை வாணலியில் வறுத்து எடுத்தனர். கருவி நன்கு இயங்கியது. கண்டோர் வியந்தனர், ஆனால், வாங்குவார் இல்லை. கனமும் விலையும் மிகுந்த அக்கருவியைக் கொண்டு என்ன செய்வது என்பது மக்களுக்குப் புலப்படவில்லை.

ஒரு பொருளின் மதிப்பைச் செய்தவரின் உழைப்பு முடிவு செய்வதில்லை. அதனால் பயன்பெறுவோரின் தேவையே முடிவு செய்கிறது என்பதை மொரிட்டா உணர்ந்தார். நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர் பற்றாக்குறை இருப்பதை அறிந்து, உச்ச நீதிமன்றத்திற்கு 20 கருவிகளை விற்றார். அடுத்துப் பள்ளிகளை நாடினர். மொழிப்பாடம் கற்பிக்க ஏற்ற எளிய கருவியையும் வடிவமைத்தனர். பொருளை விற்குமுன் அதன் தேவையைக் கண்டறிய வேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம்.

பிறர் கைவிட்ட வழி

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் அமெரிக்கா சென்ற இபுக்கா, அதனைத் தயாரிக்கும் உரிமம் விற்பனைக்கு வருவதை அறிந்தார். அதன் விலை 25,000 டாலர். அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலம் அது. சிறு நிறுவனம் ஒன்றுக்கு இத்தொகையை அனுமதிக்க ஜப்பான் அரசு தயங்கியது. நீண்ட காத்திருப்புக்குப் பின், 1954இல்தான் ஒப்புதல் கிடைத்தது.

செவித்துணைக் கருவிக்கே டிரான்சிஸ்டர் ஏற்றது என்று உரிமம் வழங்கியோர் அறிவுறுத்தினர். பேச்சொலியின் குறைந்த அதிர்வெண்ணில் அது இயங்கியது. வானொலிக்குரிய உயர் அதிர்வெண்ணில் தடுமாறியது. இபுக்காவோ, இல்லந்தோறும் செல்லத்தக்க வானொலியையே இலக்காகக் கொண்டார். பொறியாளர் கசுவோ இவாமா அமெரிக்க ஆலைகளைப் பார்வையிட்டு, கண்டவற்றை வரைபடங்களுடன் மடல்களாக எழுதி டோக்கியோவுக்கு அனுப்பினார். அங்கிருந்த குழுவினர், பெல் ஆய்வகம் முயன்று கைவிட்டிருந்த பாஸ்பரஸ் முறையை மீண்டும் மீண்டும் சோதித்து வெற்றி கண்டனர். 1955இல் அவர்களின் முதல் டிரான்சிஸ்டர் வானொலி வெளிவந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று 1954இலேயே இத்தகைய வானொலியை விற்கத் தொடங்கியிருந்தது. ஆனால், அத்துறையில் அது நெடுங்காலம் நீடிக்கவில்லை. முந்தி வருவதைவிட, விடாது செப்பம் செய்வதே நிலைத்த பயனைத் தந்தது.

மறுக்கத் துணிதல்

1955இல் மொரிட்டா தம் வானொலியுடன் நியூயார்க் சென்றார. புலோவா என்னும் புகழ்பெற்ற கைக்கடிகார நிறுவனம் 1,00,000 வானொலிகளை வாங்க முன்வந்தது. ஒரே நிபந்தனை: அவற்றின்மேல் புலோவாவின் பெயரே இருக்கவேண்டும். அதன் மதிப்பு மொரிட்டாவின் நிறுவனத்தினது முதலைவிடப் பன்மடங்கு அதிகம். ஏற்றுக்கொள்ளுமாறு டோக்கியோவிலிருந்தும் செய்தி வந்தது. எனினும், அவர் மறுத்துவிட்டார். பிறர் பெயரில் விற்றால் பணம் சேரும். நம்பிக்கை பிறருக்கே சேரும் என்பது அவர் கணிப்பு. நிறுவனத்தின் நீண்ட பெயரை அயலார் ஒலிக்க இயலாமையால், எளிய 'சோனி' என்னும் பெயரைப் பொருள்களுக்குச் சூட்டினர். 1958இல் நிறுவனத்தின் பெயரும் அதுவே ஆயிற்று.

வெற்றியின் எல்லை

வெற்றி பெற்றோரும் பிழைபடுவதுண்டு. 1975இல் சோனி, பீட்டாமேக்ஸ் என்னும் காணொளிப்பதிவு முறையை அறிமுகம் செய்தது. அதன் முதல் நாடாவில் ஒரு மணிநேரமே பதியலாம். மறு ஆண்டில் ஜே.வி.சி. நிறுவனம் கொணர்ந்த வி.எச்.எஸ். முறையில் இரண்டு மணிநேரம் பதியலாம். திரைப்படம் ஒன்று முழுமையாக அடங்கிவிடும். பிற நிறுவனங்கள் பலவும் வி.எச்.எஸ். முறையையே ஏற்றன. 1988இல் சோனியும் அம்முறைக் கருவிகளைச் செய்ய முற்பட்டது. ஒலிப்பதிவுக் கருவி கற்பித்த 'யாருக்குத் தேவை?' என்னும் பாடத்தை, வளர்ந்த நிறுவனமும் மறத்தலாகாது.

சோனியின் வரலாறு நல்வாய்ப்பால் மட்டும் அமைந்ததன்று. அரிய இலக்கைத் தேர்தல், அதற்கிடையே அன்றாடப் பிழைப்பைக் காத்தல், பயன்படுத்துவோரின் தேவையை அறிதல், பிறர் கைவிட்டதையும் சோதித்தல், உடனடி ஆதாயத்தை வேண்டும்போது மறுத்தல் ஆகிய ஐந்தும் அதன் படிகளாயின. இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் முன்தேவை அன்று. தொழில் தொடங்க விழையும் மாணவர், தம்மிடம் எவ்வளவு முதல் உள்ளது என்று எண்ணுமுன், எச்செயலைச் செய்ய விரும்புகிறோம், அது யாருக்குப் பயன்படும் என்று எண்ணுதல் நலம்.